‘ஞாபகம் இருக்கா?’ என்று கேட்பதற்கு முன்

பள்ளி இறுதியாண்டின் கடைசி இரண்டு மாதங்களில் வகுப்புகளுக்கு ஒரு காய்ச்சல் வரும். பாடம் முடிந்திருக்கும், திருப்புதல் தேர்வுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எந்த இடைவேளையில் எட்டிப் பார்த்தாலும் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றுகொண்டு “டேய், ஞாபகம் இருக்கா...” என்று ஆரம்பித்திருப்பார்கள். பதினேழு வயதில் பழங்கதை பேசுவது வேடிக்கைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர்கள் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி இந்தக் கட்டடத்துக்குள்தான் கழிந்திருக்கிறது. அவர்களுக்கு இது நிஜமாகவே பழங்கதைதான்.

வகுப்பாசிரியராக இருந்து இந்தக் காய்ச்சலைப் பல வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்துவருகிறேன். ஒவ்வொரு வகுப்பும் தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொள்கிற காலம் அது. யாரும் பேனா எடுப்பதில்லை, வாயாலேயே எழுதிவிடுகிறார்கள். எந்தச் சம்பவம் நிற்க வேண்டும், எது போக வேண்டும், யார் கதாநாயகன், யார் கோமாளி, எந்த ஆசிரியர் நல்லவர், எவர் வில்லன் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் முடிவாகிவிடும். பிரிவு உபசார விழா மேடையில் ஒலிப்பது ஏற்கெனவே தீர்ப்பான வழக்கு.

என் மனக்குறை அந்தத் தீர்ப்பை எழுதுகிறவர்களைப் பற்றியது. எந்த வகுப்பை எடுத்தாலும் சத்தமாகப் பேசுகிற ஏழெட்டுப் பேர்தான் எழுதுகிறார்கள். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். ஆட்டி ஆட்டி, கடைசியில் தங்கள் ஞாபகத்தையே அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள்.

ஒரு வகுப்பில் கைக்கடிகாரக் கதை ஒன்று இருந்தது. (கதைக்கு உரியவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான்.) எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்திருக்கிறார். வகுப்பே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் இவனுடைய டிஜிட்டல் கடிகாரம் கீகீ என்று அலற ஆரம்பித்தது. பதற்றத்தில் நிறுத்தத் தெரியவில்லை. கழற்றிப் பைக்குள் போட்டான். பைக்குள்ளிருந்தும் அலறியது. பையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். அதிகாரியே சிரித்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

இறுதியாண்டுக்கு வருவதற்குள் கதை நன்றாகச் சதை போட்டிருந்தது. கடிகாரம் சினிமாப் பாட்டுப் பாடியதாம். அதிகாரி சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாராம். தலைமையாசிரியர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். இதையெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்த பெண் அந்த வருஷம் வேறு பிரிவில் படித்தவள். அவள் பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. அத்தனை முறை கேட்டதில் அந்த வகுப்பறைக்குள் அவளும் போய் உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

கடிகாரத்துக்காரனுக்கு ‘அலாரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கதை வரும்போதெல்லாம் கூடவே சிரிப்பான். பையின் மேல் உட்காரும் கட்டத்தை நடித்தும் காட்டுவான். அந்த வகுப்புக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். கூடிப் பேசுவதற்கு முன்னால் ஆளுக்கொரு தாள், அரை மணி நேரம், தனித்தனியாக எழுத வேண்டும். அவன் தாளில் இப்படி இருந்தது:

“அது மாத்திரை அலாரம். அந்த வருஷம் தினமும் பதினோரு மணிக்கு ஒரு மாத்திரை போட வேண்டும். அம்மாதான் கடிகாரத்தில் வைத்துக் கொடுத்தார். அன்றைக்குப் பிறகு நான் அலாரம் வைக்கவில்லை. பல நாள் மாத்திரையும் போடவில்லை. ஆனால் ஆபீசர் சிரித்தது நிஜமாகவே காமெடி.”

பிறகு அவனிடம் பேசியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. மாத்திரை விஷயத்தை அவன் மறைத்து வைத்திருக்கவில்லை. எழுத உட்காரும்வரை அவனுக்கே அது மறந்துபோயிருந்தது. “காமெடியா சொல்லிச் சொல்லி அது மட்டும் போயிடுச்சு மிஸ்” என்றான்.

இப்படிப் போய்விடுவதை ஆய்வுக்கூடத்திலேயே காட்டியிருக்கிறார்கள். அலெக்சாண்ட்ரு குக், ஜோனதன் கொப்பல், வில்லியம் ஹெர்ஸ்ட் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு பேருக்கு ஒரே விஷயங்கள் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதில் ஒரு பகுதியை மட்டும் நினைவுபடுத்திப் பேசுகிறார், இன்னொருவர் கேட்கிறார். பேசாமல் விட்ட பகுதி, பேசியவருக்கு மட்டுமில்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் மங்கிவிடுகிறது. அதிலும் அறவே பேசப்படாத வேறு விஷயங்களைவிட, பேசிய விஷயத்தோடு ஒட்டியிருந்து விடுபட்டதுதான் அதிகம் மங்குகிறது. பஸ்ஸில் பாடிய பாட்டைப் பற்றி பத்து முறை பேசினால் பாட்டு பலமாக நிற்கும். அதே பஸ்ஸில் ஜன்னலோரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த பிள்ளை காணாமல் போவாள். ஒருவர் சொல்லும்போது கேட்பவர்களும் மனசுக்குள் கூடவே ஓடிப் பார்க்கிறார்கள், சொல்கிற தடத்திலேயே. அதனால் வருகிற விளைவு இது.

கூடி நினைவுகூர்ந்தால் நிறைய ஞாபகம் வரும் என்று நாம் நம்புகிறோம். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார் இல்லையா? மேரி சூசன் வெல்டனும் கிரிஸ்டல் பெலிஞ்சரும் 1997இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூர்ந்த குழுவைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக நினைவுகூர்ந்தவர்களின் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்தபோது (இரண்டு முறை வந்ததை ஒரு முறையாக எண்ணித்தான்) அதிகம் தேறியது. குழுவில் சேர்ந்ததும் ஆட்கள் சோம்பேறியாகிவிடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று பிறகு வந்த சோதனைகள் காட்டின. ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஞாபகம் ஒரு வரிசையில் வருகிறது. எனக்கு முதலில் மாடிப்படி, அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்த தோழி, அப்புறம் அவள் அழுதது. நான் மாடிப்படியில் இருக்கும்போதே நீங்கள் “அந்தக் கணக்கு சார்...” என்று இழுத்தால் என் நூல் அறுந்துபோகும். அவள் அழுதது வரவே வராது.

இன்னொரு சோதனை இதைவிடச் சங்கடமானது. ஹென்றி ரோடிகரும் அவரோடு சேர்ந்த இருவரும் 2001இல் வெளியிட்டது. வீட்டுக் காட்சிகளாக ஆறு படங்களைக் காட்டிவிட்டு, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். இரண்டில் ஒருவர் ஆராய்ச்சியாளர்களின் ஆள். படத்தில் இல்லாத பொருள்களை இருந்ததாக இடையிடையே சொல்லிவைப்பார். பிறகு தனியாகக் கேட்டபோது அந்த இல்லாத பொருள்கள் மற்றவருடைய பட்டியலிலும் வந்துவிட்டன. வேறு பிரிவில் படித்துக்கொண்டே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணை இதைப் படித்த பிறகு என்னால் கோபித்துக்கொள்ளவே முடியவில்லை.

சேர்ந்து பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசாத வகுப்பு வகுப்பே இல்லை. தவிர, தவறாகச் சொல்கிறவனை நாலு பேர் திருத்துவதும் அங்கேதான் நடக்கும். வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான் என் பிடிவாதம். முதலில் தனியாக எழுது, அப்புறம் சேர்ந்து பேசு.

எழுதச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘உன் பள்ளி வாழ்க்கையில் மறக்க முடியாத அனுபவம்’ என்று தலைப்புக் கொடுத்தால் கட்டுரை வரும். நினைவு வராது. “பள்ளி எனும் பூங்காவில் பட்டாம்பூச்சிகளாய்ச் சிறகடித்தோம்” என்று எழுதிக் கொடுத்த மகான், நாலு வருஷம் கடைசி பெஞ்சில் தூங்கியவன். சிறகு எங்கே அடித்தான் என்று எனக்குத் தெரியவில்லை. குற்றம் அவனுடையது இல்லை, தலைப்புடையது. பெரிய கேள்விக்குப் பிள்ளைகள் பெரிய மனிதர்களின் பாஷையில்தான் பதில் சொல்வார்கள்.

சின்னக் கேள்விதான் வேலை செய்கிறது. ஏழாம் வகுப்பில் உன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் என்ன தெரியும்? உன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை வரிசையாக எழுது. எந்தப் பாடவேளை நகராமல் நின்றது? பள்ளியில் எந்த இடத்துக்குப் போகப் பயந்தாய்? யாரிடம் பேசுவதை நிறுத்தினாய், எப்போது? இப்படிக் கேட்டால் பூங்காவும் வராது, பட்டாம்பூச்சியும் வராது. முடிந்தால் ஆறாம் வகுப்பு அறைக்கே கூட்டிக்கொண்டு போய் அந்த பெஞ்சுகளில் உட்காரச் சொல்வேன். முழங்கால் மேசைக்கு அடியில் போகாது. பாதிப் பேர் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு எழுதுவார்கள். முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக இருக்கும். அதற்கப்புறம் பேனாச் சத்தம்தான்.

அப்படி எழுதியதில் ஒரு பையனின் தாள். அவன் வகுப்பில் இருக்கிறான் என்பதே பல நாள் வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் தெரியும். அவ்வளவு சத்தமில்லாதவன்.

“எட்டாம் வகுப்பு இரண்டாம் மாடி. என் இடம் ஜன்னலோரம். கீழே தண்ணீர்க் குழாய்கள். அழுதுவிட்டு முகம் கழுவ வருகிறவர்கள் மூன்றாவது குழாய்க்குத்தான் வருவார்கள். அது தூணுக்குப் பின்னால் இருக்கிறது, வராந்தாவிலிருந்து தெரியாது. மேலேயிருந்து தெரியும். யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.”

ஒரு வகுப்பின் இத்தனை வருஷத்தைப் பற்றி இதைவிட முக்கியமான தகவலை எந்த நினைவு மலரிலும் நான் படித்ததில்லை. அந்தக் குழாய்களைத் தாண்டித்தான் நான் தினமும் ஆசிரியர் அறைக்குப் போகிறேன். தூணுக்குப் பின்னால் ஒரு இடம் இருப்பதே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. “எழுத மாட்டேன்” என்று அவன் முடித்ததை வகுப்பிலேயே சிறந்த வரி என்று சொல்வேன். அவனுக்கு என்ன மரியாதை தெரிந்திருக்கிறது பாருங்கள்.

தனியாக எழுதிவிட்டால் மட்டும் உண்மை அப்படியே வந்துவிடுமா? வராது. சொந்த ஞாபகமும் நம் பக்கம் சாய்ந்தே இருக்கும். அமெரிக்காவில் ஹாரி பாரிக்கும் சக ஆய்வாளர்களும் 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய உயர்நிலைப் பள்ளி கிரேடுகளை நினைவிலிருந்து சொல்லச் சொல்லிப் பள்ளிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். 1996இல் வெளிவந்தது. மொத்தம் 3,220 கிரேடுகள். சரியாகச் சொன்னது 71 சதவீதம். அதில் ‘ஏ’ வாங்கியதை 89 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், ‘டி’ வாங்கியதை 29 சதவீதம்தான். தப்பாகச் சொன்னதில் பெரும்பாலானவை ஒரு படி ஏற்றிச் சொன்னவை. இத்தனைக்கும் பள்ளியை விட்டு வந்து ரொம்ப காலம் ஆகியிருக்கவில்லை. மதிப்பெண் பட்டியல் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்ற பயம்கூட ஞாபகத்துக்குக் கிடையாது.

என்னை உண்மையாகவே உலுக்கியது டேனியல் ஆஃபர் குழுவின் ஆய்வு. 1962இல் 14 வயதுப் பையன்களிடம் வீடு, பெற்றோர், நண்பர்கள், படிப்பு என்று பல கேள்விகள் கேட்டுப் பதில்களைப் பத்திரப்படுத்தினார்கள். அவர்களில் 67 பேரை 48 வயதில் மறுபடியும் கண்டுபிடித்து, “14 வயதில் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?” என்று அதே கேள்விகளைக் கேட்டார்கள். முடிவு 2000இல் வெளிவந்தது. பழைய பதிலோடு பொருந்தியது, குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுதான். நல்ல மனநலத்தோடு, வேலை குடும்பம் என்று ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்த ஆட்கள். தங்கள் சொந்தப் பதினாலு வயதைப் பற்றி நாணயம் சுண்டிப் போட்டுச் சொன்ன மாதிரிதான் சொன்னார்கள்.

இதைப் படித்த பிறகுதான் அரை மணி நேரத் தாள் எனக்குக் கட்டாயமாகிப் போனது. பதினேழு வயதில் எழுதுவதிலும் பிழை இருக்கும். ஆனால் அந்தப் பிழையாவது பதினேழு வயதுக்காரன் செய்த பிழையாக இருக்கும்.

இப்போது பள்ளி முடிக்கிற வகுப்புகளிடம் ஒரு விசித்திரமான பள்ளம் இருக்கிறது. 2020 ஏப்ரல் வாக்கில் உலகெங்கும் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடிக் கிடந்தன. யுனெஸ்கோ கணக்குப்படி சுமார் 150 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். இந்தப் பிள்ளைகள் அப்போது சின்ன வகுப்பில் இருந்தவர்கள். “டேய், ஞாபகம் இருக்கா” கூட்டத்தில் அந்தக் காலத்தைப் பற்றிய பேச்சு அநேகமாக வருவதே இல்லை. அதற்கு முந்தைய வருஷம் வரும், திரும்பி வந்த வருஷம் வரும். நடுவில் இருப்பதை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார்கள். “ஆன்லைன் கிளாஸ் செம்ம போர்” என்பதோடு சரி.

முதலில் இதைத் துக்கம் என்று நினைத்தேன். தாள்களைப் படிக்கப் படிக்க வேறு மாதிரித் தோன்றியது. கூடிச் சொல்லும் கதைக்கு ஒரு பொது அறை வேண்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் ஒன்றைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக, பாதிக்கு மேல் கேமராவை அணைத்துவிட்டு, பெயரின் முதல் எழுத்தாக மட்டும் இருந்தவர்களுக்குச் சேர்ந்து சிரித்த சத்தம்கூட இல்லை. மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஆனால் தனித்தனித் தாள்களில் அந்தக் காலம் நிரம்பிக் கிடக்கிறது. “அந்த வருஷம் எனக்கு எல்லோர் முகமும் மறந்துபோச்சு, எல்லோர் வீட்டுச் சத்தமும் தெரியும்” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். யார் வீட்டு நாய் எந்தப் பாடத்துக்குக் குரைக்கும், யாருடைய தம்பி எப்போது கதவைத் தட்டுவான் என்று பட்டியலே போட்டிருந்தாள். ஒருவனுடைய தாத்தா இருமுவது முதல் பாடவேளையில் தவறாமல் கேட்குமாம். பிறகு கேட்கவில்லையாம். அதைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர்களைப் பற்றியும் எழுதுவார்கள், அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். நடத்திய பாடம் எதுவும் வராது. நான் சாக்பீஸை எடுத்ததும் இரண்டாக உடைத்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பேனாம். மூன்று வேறு வகுப்புகள் இதைச் சொல்லிவிட்டன. எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது ஒவ்வொரு முறை உடைக்கும்போதும் தெரிகிறது, அது ஒரு தொல்லை.

புகைப்படத்துக்கு வருவோம். பாரிக் 1975இலேயே இன்னொரு ஆய்வு செய்திருந்தார். 17 வயதிலிருந்து 74 வயதுவரை 392 பேர். அவரவர் பள்ளி ஆண்டு மலரிலிருந்த படங்களைக் காட்டி, கூடப் படித்தவர் யார் என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். பள்ளி முடித்து முப்பது வருஷம் தாண்டியவர்கள்கூடப் பத்தில் ஒன்பது முகங்களைச் சரியாகக் காட்டினார்கள். பெரிய வகுப்பு, சின்ன வகுப்பு என்ற வித்தியாசம்கூட இல்லை. ஆனால் எந்தத் துப்பும் கொடுக்காமல் பெயரைச் சொல்லச் சொன்னபோது பள்ளி முடித்த புதிதிலேயே தடுமாறினார்கள். முகம் உங்களை விட்டுப் போகாது. பெயர் போய்விடும். அதனால் குழுப் படம் எடுத்தவுடன் பின்பக்கத்தில் வரிசை வரிசையாகப் பெயர் எழுதச் சொல்கிறேன். கைபேசியில் ஆயிரம் படம் இருக்கிறதே மிஸ் என்பார்கள். ஆயிரம் படத்தில் ஒன்றிலும் பெயர் இருக்காது. பெயர் வரிசைக்குக் கீழே ‘அன்று வராதவர்கள்’ என்று ஒரு வரி கட்டாயம். அதற்கும் கீழே ‘நடுவில் போனவர்கள்’.

நடுவில் போனவர்கள் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்த பெயராக இருப்பார்கள். பெற்றோருக்கு மாற்றல், வேறு பள்ளி, உடம்பு சரியில்லை, காரணமே சொல்லாமல் நின்றவர்கள். ஆறாம் வகுப்பில் இருந்த பெயர்களுக்கும் இறுதியாண்டுப் பெயர்களுக்கும் நடுவே நிறைய சிவப்புக் கோடு. வகுப்பு திரும்பிப் பார்க்கும்போது ‘நாம்’ என்று சொல்கிற ஆட்கள் எல்லா வருஷமும் ஒரே ஆட்கள் இல்லை. யாருக்கும் அது தோன்றுவதில்லை, நடுவில் வந்து சேர்ந்தவர்களைத் தவிர.

இந்த வருஷ வகுப்பில் ஒன்பதாம் வகுப்பின் பாதியில் வந்து சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் தாளில் இருந்தது இது: “எல்லோரும் ஆறாம் வகுப்பு டூர் பற்றிப் பேசுவார்கள். நானும் சிரிப்பேன். இப்போது அந்த பஸ்ஸில் யார் எந்த சீட்டில் உட்கார்ந்தார்கள் என்று எனக்கே தெரியும். நான் அதில் ஏறவே இல்லை. என் பழைய பள்ளியிலும் டூர் போனோம். அதைப் பற்றி இங்கே யாரும் கேட்டதில்லை. அதனால் எனக்கும் கொஞ்சம் மறந்துவிட்டது.”

தாள்கள் என்னிடம் தங்குவதில்லை. எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். யார் எதை வாசிக்கலாம், எதை மலரில் போடலாம் என்பது அவரவர் விருப்பம். பாதிப் பேர் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். குழாயைப் பற்றி எழுதியவன் அப்படித்தான் வைத்துக்கொண்டான், இங்கே எழுத மட்டும் எனக்கு அனுமதி கொடுத்தான். ‘அலாரம்’ அன்று தானாகவே எழுந்து வாசித்தான். வகுப்பு கொஞ்சம் திகைத்துப்போய் இருந்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒருவன், “இப்ப ஒழுங்கா போடுறியாடா?” என்று கேட்டான். “டாக்டர் நிறுத்தச் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சுடா” என்றான் இவன். பட்டப்பெயர் மாறவில்லை. மாற வேண்டும் என்று அவனும் கேட்கவில்லை.

இந்த வருஷச் சண்டை அந்த ஆறாம் வகுப்பு டூர் பற்றியது. பஸ் வழியில் நின்றது என்பதில் எல்லோரும் ஒன்று. எவ்வளவு நேரம் என்பதில் தாளுக்குத் தாள் வேறு. இருபது நிமிஷம் என்கிறது ஒரு தாள், அரை நாள் என்கிறது இன்னொன்று. டயர் வெடித்தது என்று ஐந்து பேர், எஞ்சின் புகைந்தது என்று மூன்று பேர். டிரைவர் தூங்க நிறுத்தினார், வேறு ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருவன். அந்த நேரம் முழுக்கத் தான் பஸ்ஸுக்குள் தூங்கிவிட்டதால் எதுவும் தெரியாது என்று நேர்மையாக இன்னொருவன். வழக்கமான பேச்சு நடந்திருந்தால் டயர் கட்சி ஜெயித்திருக்கும். அவர்களுக்குத்தான் குரல் பெரிசு.

எழுதிவைத்த தாள் கையில் இருந்ததால் யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மலர்க் குழு இரண்டு நாள் கத்திவிட்டு என்னிடம் வந்தது. நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றேன். எல்லாவற்றையும் போடுங்கள், இடம் இல்லையென்றால் வாழ்த்துச் செய்திகளைக் குறையுங்கள் என்றேன். (முக்கியமாக என்னுடையதை.) யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்து எழுத நடுநிலையான ஆள் வேண்டும் என்று யாரோ கேட்க, பஸ்ஸில் ஏறாத ஒரே ஆள் என்று அந்தப் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தாள். எந்த சீட், ஜன்னலா வழியா, கீழே இறங்கினாயா இல்லையா என்று. ஒரு கட்டத்தில் டயர் கட்சித் தலைவனே அசந்துபோய், “உங்க ஸ்கூல்ல எங்கடி டூர் கூட்டிட்டுப் போனாங்க?” என்று கேட்டான். அவள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “உன் ஸ்டேட்மெண்டை முடி, அப்புறம் சொல்றேன்” என்றாள்.